இரண்டு அறைக்கு ஒரு பை

பொழுது புலருமுன்பே பிரசவத் தாதி சத்தியபாமாவின் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது. பிறந்த பிள்ளை அழவில்லை. நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. சளி உறிஞ்சும் குழாயின் ஒரு நுனியைப் பிள்ளையின் வாயில் விட்டு, மறுநுனியைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். நடுவிலிருந்த கண்ணாடிச் சிமிழில் சளி விழுந்தது. பிறகு மூக்கு. தலையை நேராக்கிவிட்டு, காற்றூட்டும் பையை எடுக்கக் கை நீட்டினாள். பை இல்லை.

அது பக்கத்து அறையில் இன்னொரு தாதி கிரிஜாவின் கையில் இருந்தது. அங்கேயும் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. டூங்கபி என்ற புறநகருக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் இரண்டு அறைக்கும் ஒரே பை. கிழிந்த மற்றதை மாற்ற முதலாளி ஹார்ட்லிக்கு மனம் வரவில்லை. ஆட்களைக் குறைத்தவர், டாக்டர்களின் வசதிக்காக, மருந்து ஏற்றி வலி வரவழைக்கும் பிரசவங்களை மட்டும் ஒரே நாளில் குவித்தார். என்ன சிக்கனமோ!

சத்தியபாமா பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல மெல்ல ஊதினாள். கிரிஜா பையோடு ஓடிவந்தபோது பிள்ளை முனகி அழுதது.

காலையில் ஹார்ட்லி சத்தியபாமாவைக் கூப்பிட்டார். அழாமல் பிறந்த பிள்ளையின் தகப்பன் வழக்குப் போடப்போவதாக மிரட்டுகிறானாம். மதராஸிலிருந்து புதிதாக வந்த கிரிஜாதான் பையைக் கொண்டுவரத் தாமதித்தாள் என்று சொன்னால் போதுமாம், விஷயம் முடிந்துவிடுமாம்.

"அவள் பையை முன்னமே என்னிடம் கொண்டுவந்திருந்தால் மற்றப் பிள்ளை செத்திருக்கும். எந்தப் பிள்ளையைச் சாகவிடுவது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாள் சத்தியபாமா.

"அப்படியானால் இரண்டு பேருமே வேறு வேலை தேடிக்கொள்ளலாம்."

தேநீர் அறையில் கிரிஜாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்காக நீங்க ஏன் மாட்டிக்கணும் அக்கா? நானே போயிடறேன்."

"விசர்க்கதை கதையாதையும். இண்டைக்கு நீர், நாளைக்கு நான்" என்று அந்தப் பைத்தியக்காரப் பேச்சை வெட்டினாள் சத்தியபாமா.

மற்றத் தாதிகளும் கூடி வேலைநிறுத்தம் பற்றிப் பேசினார்கள். அப்படிச் செய்தால் தாய்மாரின் கதி என்னவென்று கிரேக்கத்துத் தாதி எலெனி கேட்டாள். வலியோடு வருகிற எவரையும் கைவிடுவதில்லை, ஆனால் வலி வரவழைக்க ஒரு மருந்துப் போத்தலும் மாட்டுவதில்லை என்றாள் சத்தியபாமா. இரண்டாவது பையும், பிறக்கிற பிள்ளைக்கென்று தனியாக ஓர் ஆளும் வரும்வரை இப்படித்தான். கிரிஜா மீதும் கை வைக்கக் கூடாது. எல்லோரும் சம்மதித்தார்கள்.

மறுநாள் மருந்துப் போத்தல்கள் தொடுவாரின்றி வரிசையாக நின்றன. டாக்டர்கள் கத்தினார்கள். போத்தலை மாட்டாதவர்கள் வெளியே போகலாம் என்றார் வாசலில் நின்ற ஹார்ட்லி. ஒருத்தியும் அசையவில்லை.

அந்நேரம் வலியில் துடித்த ஒருத்தியைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எலெனி தாயின் பக்கம் போனாள். சத்தியபாமா குழாயை எடுத்தாள். கிரிஜா பையோடு அருகில் நின்றாள். பிறந்த பிள்ளை அழவில்லை. சத்தியபாமா சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கை நீட்டினாள்.

பை கைக்கு வந்தது.

பிள்ளையின் அழுகை நடைகூடம்வரை கேட்டது. ஹார்ட்லி இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை விலகச் சொல்லிவிட்டு, வலியோடு காத்திருந்த அடுத்த தாயை உள்ளே அழைத்தாள் கிரிஜா.