பூஜ்யத்துக்கு நிதி இல்லை

திரையில் இரண்டு கட்டங்கள். முதலாவது, இந்த ஆண்டு வயிற்றுப்போக்கு நோயாளிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, அடுத்த ஆண்டுக் குடிநீர்ச் சோதனைக்கு வேண்டிய தொகை. முதலாவதில் பூஜ்யம் போட்டால் இரண்டாவது திறக்காது.

சுகாதார அலுவலகத்தில் தண்ணீர் சோதிப்பவள் அவள் ஒருத்திதான். ஆறு வருடம், வாரம் நாற்பது குழாய். அந்தப் பூஜ்யம் அவள் உழைப்பு. சோதனைப் புட்டிகள் தீர்ந்து இரண்டு வாரமாகிறது. படிவம் இன்று ஐந்து மணிக்கு மூடிவிடும்.

“பூனை இருக்கறதால எலி இல்ல. எலி இல்லையேன்னு பூனைய விரட்டுறாங்க,” என்றார் பக்கத்து மேசை எழுத்தர். “அந்தக் காசு எங்க போகுது தெரியுமா? நடைப்பயிற்சி போஸ்டருக்கு.”

“நடக்கறதும் நல்லதுதானே அண்ணே.”

“வயித்தால போறவன் எங்கம்மா நடப்பான்? ஓடுவான்.”

அவள் சிரிக்கவில்லை.

“பேசாம ஒண்ணுன்னு போடு. யாரு எண்ணப் போறா?”

“எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்குது. இல்லாத ஆள எங்க குடி வைக்கறது?”

நாலேகாலுக்கு, இதே ஊரில் குடியிருக்கும் தங்கை அழைத்தாள்.

“அக்கா, பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது.”

“எத்தனை தடவ?”

“ரெண்டு.”

ஒரே நாளில் மூன்று தடவை போனால்தான் நோயாளி. அது படிவத்தின் விதி.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டுதானா?”

“என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்குற?”

“தண்ணியக் காய்ச்சி ஆறவச்சு, உப்பு சர்க்கரை கரைச்சுக் குடு. இன்னொரு தடவ போனா உடனே கூப்பிடு.”

அலுவலகத்தில் எப்போதும் சத்தமில்லாமல் வைத்திருக்கும் கைபேசி. ஒலியை முழுவதும் கூட்டி, மேசை நடுவில் வைத்தாள். எழுத்தர் ஒரு முறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அது அலறியது.

“அக்கா, நின்னுடுச்சு. நல்லாத் தூங்குறா. நீ பயந்துட்டியா?”

“எழுப்பு,” என்றாள்.

“ஏன்க்கா?”

ஏன் என்று அவளுக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது.

“வேண்டாம். தூங்கட்டும்.”

முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். இரண்டாவது கட்டம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. எழுத்தர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தார்.