தாட்சாயிணி பட்டியலில் இல்லை

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு, நோயாளி பெயரைத் தேடும் மென்பொருளை அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து எழுதியவன் நான். வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை வடிகட்ட ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டேன்.

(கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து! ரொம்பச் சினிமாத்தனம் என்று ரேஷன் கடையாக மாற்றிப் பார்த்தேன். நிஜம் ஒத்துழைக்கவில்லை.)

2

'வெள்ளானூர் மீது பொன்வெயில் மெல்லப் படர்ந்த அந்த...'

வேண்டாம். அந்த ஊர் தாட்சாயிணிக்கு வெயிலே மங்கலாகத்தான் தெரிகிறது. ப்ளவுஸ் தைப்பவர், ஆறு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இன்று பத்து மணிக்குக் கண்புரை ஆபரேஷன். அவ்வளவு நீளப் பெயரை அடிக்கச் சோம்பல்பட்டு, மகன் ஜெகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டியிருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தும் கூடவே ஒட்டிக்கொண்டது. (சோம்பேறிகள் இருவர். பாத்திரப் படைப்பில் பஞ்சம்.)

3

"அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா" என்றார் கவுண்ட்டரில் ரேணுகா.

"இன்னாம்மா சொல்ற? நான் கீறேனே!"

"நீங்க இருக்கீங்க. சிஸ்டத்துல இல்ல."

"செவுத்துல ஒட்டிக்கீற லிஸ்ட்டுல நாலாவது பேரு எங்கம்மாதான் மேடம்" என்றான் ஜெகன்.

"அது பேப்பர் தம்பி. புதுசா பதிஞ்சா மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா? தீவாளி துணி அல்லாம் போச்சே நைனா!" என்றார் தாட்சாயிணி.

கவுண்ட்டரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பட்டியலில் நாலாவது பெயரின் நீளத்தைக் கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னேன். துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்துப் பத்து வர வேண்டும், பதினொன்று வந்தது. அந்த ஒன்றை அழிக்க ஒரு நொடி போதும். ஆனால் டிக்கெட், அதாவது கோளாறைப் பதியும் புகார்ச்சீட்டு, போடாமல் பட்டியலில் கைவைத்தால் வேலை போய்விடும். டிக்கெட் போட நோயாளியின் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். தேடினேன். அப்படி யாரும் இல்லை என்றது. அந்தத் தேடலும் என் கைவண்ணம்தான்.

மேலாளர் சிவராமனிடம் ஓடினேன்.

"இல்லாத பேஷண்ட்டுக்கு எப்படிப்பா டிக்கெட்? ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

4

முடிவு ஒன்று: அந்த எழுத்தை அழித்தேன், அவர் நூல் கோத்தார். விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: அவர் பேசாமல் பஸ் ஏறினார். சிறுபத்திரிகைக்கு ஆகும், அவருக்கு ஆகாது.

மணி 9.52. ஒருத்தர் பார்வைக்காகக் காத்திருக்கிறார், நான் முடிவு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கதையை முடித்தபின், அவர் பெயரை எல்லா இடத்திலும் அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்து ஒட்டினேன். நீங்களே இந்தக் கதைக்குள் அவர் பெயரை அடித்துத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், அந்த எழுத்தை நான் அழித்துவிட்டேன். கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரி பெஞ்சில் பாருங்கள். அங்கே கண்டிப்பாக இருப்பார்.