பன்னிரண்டு தாராவும் மூன்று பூச்சுக் கிளியரும்

1

இந்தக் கதையில் பாதிக்கு மேல் என் கற்பனை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் காரின் பம்பர் நசுங்கி, டோர்செட் பார்க்கில் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். பெயின்ற் அடிக்கும் அறையில், கழற்றிய கதவுகளுக்கு நடுவே, கம்பியில் பன்னிரண்டு வாத்துகள் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன.

"உது என்ன அண்ணை?" என்றேன்.

"மருமோன்ர தாரா," என்றார் பெயின்ரர். எங்கள் ஊரில் வாத்துக்குத் தாரா என்று பெயர்.

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. மீதியெல்லாம் நான் கட்டியது.

[கைவிட்ட தொடக்கம்: அந்திச் சூரியன் பச்சைக் கழுத்துகளில் பொன்னாய் உருகி வழிய, காலம் ஒரு கணம்—]

வேண்டாம். மினுக்கம் கூடிவிட்டது. மினுக்கத்தால் வரும் கேடுதான் கதையே.

2

பெயின்ரருக்குத் தம்பிமுத்து என்று பெயர் வைக்கிறேன். வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்கு வர்ணம் அடிப்பவர். மகள் சஜிதா றொய்சன் என்ற கிறிஸ்தவப் பெடியனைச் சேர்ச்சில் கட்டப்போகிறாள் என்றதும், கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டவர். அதோடு மூன்று வருடமாகப் போக்குவரத்து இல்லை. மனைவி கோணேஸ்வரி மட்டும் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை கோ என்னும் புறநகர் ரயிலில் அஜக்ஸ் நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்வந்தார். எந்தக் கோயிலில் லசானியா கட்டிக் கொடுக்கிறார்கள் என்று தம்பிமுத்து கேட்டதேயில்லை.*

* கேட்டால், தனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும்.

3

செப்ரெம்பரில் ஒரு நாள் றொய்சன் கராஜ் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு வலைப்பை, அதற்குள் பன்னிரண்டு டிக்கோய். வேட்டைக்காரர் ஏரியில் மிதக்கவிடும் பிளாஸ்டிக் வாத்து அது. மேலே பறக்கும் நிஜ வாத்துகள், கீழே தங்கள் கூட்டம் நிம்மதியாக மேய்கிறதென்று நம்பி இறங்கும். இவற்றுக்கோ வர்ணம் உரிந்து, சிலதுக்குக் கண்ணே இல்லை.

"அங்கிள், சனிக்கிழமை வேட்டை சீசன் தொடங்குது. இதுகளுக்கு ஏதும் செய்யேலுமோ?"

தம்பிமுத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உரிந்த வர்ணத்தைப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு வராது.

"வைச்சிட்டுப் போம்," என்றார். மருமகனோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

(அவனை அனுப்பியது சஜிதா. அப்பாவை எது இறக்கும் என்று அவளுக்குத் தெரியும். தம்பிமுத்துவின் காதில் விழக்கூடாது என்பதால் இதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

4

சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பெயர்ந்த இடங்களைத் தேய்த்தார். பம்பருக்கு அடிப்பூச்சாக அடிக்கிற பிறைமரை அடித்தார். சேவல் வாத்துகளின் தலைக்கு, யாரோ ஒருவரின் வான் வண்டிக்கு அடித்து மிஞ்சிய பச்சை. பேடுகளின் இறகுகளை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதினார். மதியச் சாப்பாட்டை இரண்டு நாள் மறந்தார்.

கடைசியில் கிளியர். வர்ணம் கெடாமல் இருக்க மேலே அடிக்கிற கண்ணாடிப் பூச்சு. தம்பிமுத்துவின் பெயரே அந்தப் பூச்சில்தான் நின்றது. ஊராருக்கு இரண்டு பூச்சு அடிப்பவர், மகள் வீட்டுக்கு மூன்று அடித்தார்.

"இனி இருவது வருசத்துக்கு உரியாது," என்று வாத்துகளிடமே சொன்னார்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு விசாரித்தேன். டிக்கோய் மினுங்கவே கூடாதாம். வெயிலில் பளபளத்தால் வாத்துக் கூட்டம் மேலேயே திரும்பிவிடுமாம். ஒரே ஒரு சொல்லை மாற்றி, மினுங்காத கிளியர் என்று எழுதி, மனுசனைக் காப்பாற்றியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன். தம்பிமுத்து அதைக் கையால் தொடவில்லை.

5

முதல் முடிவு: வெள்ளிக்கிழமை றொய்சன் வந்து பார்த்து உண்மையைச் சொல்கிறான். "அங்கிள், இது மினுங்குது. தாரா இறங்காது." தம்பிமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். இன்னும் மூன்று வருடம் போகிறது. கோணேஸ்வரி இன்னும் முப்பத்தாறு தடவை கோயிலுக்குப் போகவேண்டும். இதைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: றொய்சன் பார்த்தான். கண்ணை இரண்டு தரம் சிமிட்டினான். "நல்ல வடிவாக் கிடக்கு," என்றான். சனிக்கிழமை விடியமுன்பே ஸ்கூகொக் ஏரியில் போய்க் குந்தினான். பன்னிரண்டும் தண்ணீரில் ஜொலித்தன. நிஜ வாத்து ஒன்றுகூட இறங்கவில்லை. திரும்பும் வழியில் மார்க்கம் றோட்டில் ஒரு கடையில் இரண்டு தாரா வாங்கி, அடையாளம் தெரியாமல் தானே துண்டு போட்டான்.

ஞாயிறு பின்னேரம் அவனும் சஜிதாவும் முதன்முதலாகத் தம்பிமுத்துவின் வீட்டுக்கு வந்தார்கள்.

"உங்கட டிக்கோயைக் கண்டுதான் இறங்கினது, மாமா," என்றான். 'அங்கிள்' எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

6

அன்று காலைதான் தம்பிமுத்து போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். டிக்கோய்க்கு மினுங்காமல் எப்படி வர்ணம் அடிப்பது என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னதை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். வெட்கத்தில் காது சுட்டது.

இப்போது கோணேஸ்வரி கறியைப் பரிமாறினார். மேலே கொழுப்பு மிதந்தது; காட்டுத் தாராவில் இவ்வளவு கொழுப்பு வராது. துவக்கால் சுட்ட தாரா என்றால், துவக்கிலிருந்து சிதறும் பொடிக் குண்டான சன்னம் ஒன்று எங்காவது பல்லில் கடிபடும். இதில் ஒன்றும் கடிபடவில்லை. சஜிதா தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. "இது கடைத் தாரா" என்ற வசனம் தம்பிமுத்துவின் வாய்வரை வந்துவிட்டது. அது உண்மைதான். அதைச் சொன்னால் நான் கிழித்த முடிவு திரும்பி வரும்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள் விரல் விட்டுக் கறுப்பாக, உருண்டையாக ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சன்னம் கிடக்கு," என்றார். "எல்லாரும் பாத்துச் சாப்பிடுங்கோ."

கோணேஸ்வரி இறைச்சிக் கறிக்கு முழு மிளகு போடுவார் என்பதை எழுத மறந்துவிட்டேன்.

7

றொய்சன் அந்தத் தட்டின் ஓரத்தைப் பார்த்தானா என்று நான் எழுதப்போவதில்லை. தட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. கழுவுவதற்கு முன் வேண்டுமானால் நீங்களே கிட்டப் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வாருங்கள்.