நடந்து, இருபது நிமிடம்

காலை ஆறரைக்கு முத்தாண்டிக்குப்பம் நிறுத்தத்தில் படிவ அட்டையோடு நின்றான் சசிகுமார். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். இந்த வட்டாரத்தில் யார், எங்கிருந்து, எதில், எங்கே போகிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியிருந்தான். அப்பா சுரங்கத்தில் நிலக்கரி தோண்டினார். மகன் பஸ் ஸ்டாப்பில் தகவல் தோண்டுகிறான். அப்பாவுக்காவது ஏதோ கிடைத்தது. இவன் வேலையைத் தொடங்குவதற்குள் வரைபடமே பழசாகிவிட்டது. அதிலிருந்த ஒரு சாலை இப்போது சுரங்கத்துக்குள் கிடந்தது. வெறும் வயல் என்று போட்டிருந்த இடத்தில் மூன்று நகர்களும் இரண்டு பரோட்டா கடைகளும் முளைத்திருந்தன.

அதைக்கூடத் திருத்திவிட்டான். முப்பத்தேழு படிவங்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பண்ருட்டிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் பெண்களிடம் மாலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பியவை. எதில் பயணம்? நடந்து. எவ்வளவு நேரம்? இருபது நிமிடம். முப்பத்தேழு பேரும் அதையே சொல்லியிருந்தார்கள்.

“பண்ருட்டிக்கு இருபது நிமிஷத்துல நடந்தாங்களா? அவங்கள ஒலிம்பிக்ஸுக்கு அனுப்புப்பா,” என்றார் பேராசிரியர் போனில். வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதில் வராவிட்டால் அந்த அத்தியாயம் கிடையாது. பட்டமும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். இன்று வெள்ளி.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆட்களை ஷிப்ட்டுக்கு இறக்கிவிட்டு காலியாகப் பண்ருட்டிக்குத் திரும்பிய பஸ் ஒன்று, நிறுத்தத்தைத் தாண்டிப் புளியமரத்தடியில் நின்றது. பெண்கள் சத்தமில்லாமல் ஏறினார்கள். கடைசியாக நின்றவள் கமலா. அவன் எழுதிய முதல் ‘நடந்து’ அவளுடையது.

“பாத்துட்டியா தம்பி,” என்றாள். “டவுன் பஸ்ஸு வரதுக்குள்ள கம்பெனில கேட்ட சாத்திடறாங்க. டிரைவர் பாவாட அண்ணன்தான் சும்மா போற வண்டில ஏத்திகினு போவுது. நீ அத எழுதி கான்ட்ராக்ட்காரன் கண்ணுல பட்டுச்சின்னா, அண்ணனுக்கு வேல போயிடும். நாங்க நெசமாவே நடக்கணும்.”

“யாரு படிக்கப் போறாங்கக்கா? எங்க அம்மாவே படிக்க மாட்டாங்க.”

“அப்ப எழுதாமத்தான் வுடேன்.”

மூன்று வருஷத்தில் எந்த நிபுணரும் அவனிடம் இப்படியொரு யோசனை சொன்னதில்லை.

“சர்வேக்காரரே, ஏறுறீங்களா, இல்ல நாங்க போவட்டுமா?” என்றார் பாவாடை, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி.

ஏறினான். கமலா சாப்பாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம்விட்டாள். அவன் புதுப் படிவம் ஒன்றை எடுத்தான். பெயர், சசிகுமார். புறப்பட்ட இடம், சேருமிடம். ‘எதில் பயணம்?’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. கமலா படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘நடந்து’ என்று எழுதினான்.

“இன்னிக்கி அண்ணன் வெரசா போவுது,” என்றாள் அவள். “பதினெட்டுன்னு போடு.”