நாலு போர்ஷன்

வடக்கனந்தலில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் கரும்புக் கொல்லையை விற்று, கள்ளக்குறிச்சி டவுனை ஒட்டி வாடகைக்கு நாலு போர்ஷன் கட்டலாம் என்று கந்தசாமி சொன்னபோது, முதலில் தலையாட்டியது அவர் மனைவி அமிர்தம்தான். "கரும்பு ஒரு வருஷம் குடுக்குது, ஒரு வருஷம் கைய விரிக்குது. வாடகைன்னா மாசம் பொறந்தா வந்துடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கொல்லைப் பணம் மனை வாங்கவே சரியாகிவிட்டது. கட்டடத்துக்கு பேங்கில் கடன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் சரத்குமாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டான்.

முதல் வருஷம் நாலு போர்ஷனிலும் ஆள் இருந்தது. வாடகை அப்படியே தவணைக்குப் போனது. இரண்டாம் கோடையில் போர்வெல் வற்றியது. குடியிருந்தவர்கள் கொடுத்த அட்வான்ஸையெல்லாம் போட்டு கந்தசாமி இன்னொரு போர் இறக்கினார். தொள்ளாயிரம் அடி போயும் புழுதிதான் பறந்தது. மூன்று குடும்பங்கள் திட்டிக்கொண்டே காலி செய்தன. அவர்களுடைய அட்வான்ஸைத் திருப்பித் தர அமிர்தத்தின் நகையெல்லாம் போனது.

நாலாவது போர்ஷன் ஆயம்மாள் மட்டும் போகவில்லை. புருஷனை இழந்தவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள். தெருக்குழாயில் தண்ணீர் தூக்கிச் சமாளித்துக்கொண்டாள்.

ஏழு தவணை நின்றதும் பேங்க்காரர்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புரோக்கர் கண்ணாயிரம் அவசரமாக ஓர் ஆளைக் கூட்டிவந்தார். கடன் அடைந்து கொஞ்சம் மிஞ்சும் விலைதான். ஆனால், "மொத்தமும் காலியா இருந்தாதான் துட்டு" என்றார் வந்தவர்.

அமிர்தம் ஆயம்மாளிடம் போனாள்.

"அட்வான்ஸ் முப்பதாயிரத்த குடுத்துடுங்க. இன்னிக்கே மூட்ட கட்டறேன்."

"வித்த கையோட தரேன் ஆயம்மா. என்ன நம்பு."

"நான் நம்பறேங்க. வேற வூட்டுக்காரன் நம்புவானா? பொட்டப்புள்ளய வெச்சிக்கினு எங்க போய் நிப்பேன்?"

அமிர்தம் அந்த முப்பதாயிரத்தைக் கேட்டு மகனுக்குப் போன் போட்டாள். "எங்கிட்ட இன்னாம்மா இருக்குது?" என்று அவன் வைத்துவிட்டான். கரண்டை நிறுத்தினால் ஆயம்மாள் தானாகப் போய்விடுவாள் என்று கண்ணாயிரம் சொன்னார். அமிர்தமே போய் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போனபோது, ஆயம்மாளின் மகள் தமிழ்மொழி வாசற்படியில் குனிந்து, மங்கிய வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "வாங்க ஆன்ட்டி" என்று எழுந்து வழிவிட்டாள். அமிர்தத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபியூஸை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அறிவிருக்குதாடி ஒனக்கு?" என்று கந்தசாமி கத்தினார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் அதிகம் பேசவில்லை. வாங்க வந்தவர் அந்த வாரமே வேறு இடத்தில் வீடு பேசி முடித்துவிட்டார்.

ஆடி மாதம் பேங்க்காரர்கள் வந்து நாலு கதவுக்கும் சீல் வைத்தார்கள். ஏலத்தில் போனது கடனுக்கே போதவில்லை. மிச்சத்தை சரத்குமார் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சீல் வைத்த அன்று ஆயம்மாளின் பாத்திரமும் பாயும் ரோட்டோரம் கிடந்தன.

"எங்க போற ஆயம்மா?"

"தெரியலீங்க. எங்காசு எப்ப தருவீங்க?"

அமிர்தம் ஒரு தேதி சொல்லப் பார்த்தாள். எந்த மாதத்தைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது. ஆயம்மாள் மகளைக் கூப்பிட்டுப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.