ஒன்றென்று காட்டிய திரை

விசாரணை இரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்கே ஓட்டிலியா சுரங்க அலுவலகத்தின் தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து ஒரு வாய் சூப்புகூட இறங்கவில்லை. எப்படி இறங்கும்? ஒரு மனுஷன் செத்தது தன்னால்தான் என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் இறங்கும்?

செத்தவன் தியோஃபில். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, எண்ணூறு மீட்டர் ஆழத்தில் காற்று கெட்டுப்போய், இரண்டு கிளைச் சுரங்கங்களில் தனித்தனியாக ஆள் மாட்டிக்கொண்டது. ஒன்றில் கெரார்ட், இன்னொன்றில் தியோஃபில். இருவர் இடுப்பிலும் அபாயப் பொத்தான் இருந்தது. மேலே கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு பெயர்தான் வந்தது: கெரார்ட். பணியில் இருந்த ஏவால்ட் மீட்புக் குழுவை அங்கே அனுப்பினார். கெரார்ட் பிழைத்தான். ஷிஃப்ட் முடிந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த பித்தளை அடையாள வில்லைகளை எண்ணியபோதுதான் ஒன்று குறைந்தது. அதற்குள் தியோஃபில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் பொத்தானைத் தொடவே இல்லை என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். அவன் இடுப்பிலிருந்த பொத்தான் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அழுத்தியிருக்கிறான். உடனே எல்லார் கண்ணும் ஏவால்ட் பக்கம் திரும்பியது. வந்த அழைப்பைக் கவனிக்காமல் திரையிலிருந்து துடைத்துவிட்டானாம்! முப்பது வருஷம் அந்த நாற்காலியில் கண் அசராமல் உட்கார்ந்த மனுஷனை, காபி குடித்துக்கொண்டு கதை பேசியிருப்பான் என்று ரொட்டிக் கடை வரிசையில்கூடப் பேசினார்கள். ஊர் வாயை யார் மூடுவது?

அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் நிரல் ஓட்டிலியா எழுதியது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு எழுதியதை நேற்றுதான் திறந்து பார்த்தாள்.

கீழே யாராவது பொத்தானை அழுத்தினால், பெயர் ஒரு பட்டியலில் சேரும். நிரலுக்கு ஒரு சிக்னல் வரும். அந்நேரம் நிரல் பதிவேட்டைக் கணினி வட்டில் எழுதிக்கொண்டிருந்தால், குறுக்கே புகுந்து குழப்பக் கூடாதே என்று சிக்னலை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். எழுதி முடித்ததும், ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் திரையில் காட்டுவது. ஒரு சிக்னலுக்கு ஒரு பெயர். சரிதானே என்று ஒன்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள்.

சரியில்லை. காத்திருப்பது எத்தனை என்று கணினி எண்ணுவதே கிடையாது. உண்டு, இல்லை, அவ்வளவுதான் அதன் பதில். ஒரே வகைச் சிக்னல் இரண்டு வந்தாலும் இருபது வந்தாலும் ஒன்றாகத்தான் நிற்கும். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இது இருக்கும், அவளும் படித்தவள்தான். ஆனால் சோதித்துப் பார்த்த அன்று அவள் மேசையில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினாள், திரையில் வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி வந்தது. இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்க ஒரு சீட்டு எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை, பாவி.

அந்தத் திங்கட்கிழமை பழைய வட்டு திணறி, பதிவேட்டை எழுதி முடிக்க நாற்பது நொடி எடுத்துக்கொண்டது. அந்த நாற்பது நொடிக்குள் இரண்டு பேருமே அழுத்திவிட்டார்கள். சிக்னல் ஒன்று, எடுத்த பெயர் ஒன்று.

காலையில் இதைத் துறைத் தலைவர் வின்ட்சென்டியிடம் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? அப்படியே விடும்மா. ஏவால்டே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாரு. ரிட்டயராகப் போற ஆளு, பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ வாயைத் திறந்தா உன் பொழப்பு போச்சு."

"செய்யாததை எப்படி சார் ஒத்துக்கிட்டாரு?"

"அதை அவர்கிட்டயே கேளு."

ஒன்றரைக்கு ஏவால்ட் வந்தார். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"என்ன கம்ப்யூட்டரம்மா, உன் மூஞ்சியைப் பாத்தா நீதான் ஜெயிலுக்குப் போற மாதிரி இருக்கு."

"அண்ணே, அந்த அழைப்பை நீங்க துடைச்சீங்களா?"

சிரிப்பு போய்விட்டது. "மொத வாரம் இல்லவே இல்லைன்னுதான் சொன்னேன். தினம் அதே கேள்வி. அவன் அழுத்தினது நிஜம். மெஷின் பொய் சொல்லாது. அப்ப நான்தானே? இப்பல்லாம் கண்ணை மூடுனா என் விரல் அதைத் தட்டிவிடுறது தெரியுது ஓட்டிலியா. நல்லாவே தெரியுது."

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று பயந்தே சொன்னாள்.

"நீங்க தட்டலண்ணே. அது திரைக்கு வரவே இல்ல. தப்பு நான் எழுதினதுல."

எல்லாவற்றையும் சொன்னாள். நிரல், வாசல், நாற்பது நொடி, வாங்காத பொத்தான். ஏவால்ட் முழுவதையும் கேட்டார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை தடவை அழுத்தினான்?" என்றார் கடைசியில்.

"பதினொண்ணு. எல்லாமே அந்த நாப்பது நொடிக்குள்ள."

"பதினொண்ணையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிச்சா?"

"அதுகூட இல்லண்ணே. கெரார்டோடதையும் சேத்து ஒண்ணு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெரார்ட் வெளிய வந்ததும் எல்லாரும் மேல வந்தாச்சுன்னு மைக்ல கத்துனேன். கை தட்டுனாங்க எல்லாரும்."

ஓட்டிலியா அழுதாள். அவர் தடுக்கவில்லை.

"போன ஞாயித்துக்கெழம உர்சுலா வீட்டுக்குப் போனேன், தியோஃபில் பொண்டாட்டி" என்றார். "வாசல்லயே மண்டி போட்டேன். மூஞ்சில காறித் துப்புவான்னு நெனச்சேன். என் தலையில கையை வச்சு, மன்னிச்சுட்டேன்னு சொன்னா. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளுக்கு நிக்க முடியல. செவுத்தோட சாஞ்சு கீழ உக்காந்துட்டா."

"நான் போய் அவங்ககிட்டச் சொல்றேண்ணே. இன்னிக்கே போறேன்."

"போ. போய்த்தான் ஆகணும். ஆனா மன்னிப்பு மட்டும் கேட்டுடாத. இன்னொருத்தரை மன்னிக்க அவளுக்குத் தெம்பு இல்ல."

கதவு திறந்தது. ஏவால்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுவதற்குள் ஓட்டிலியா எழுந்து உள்ளே போனாள்.