மிச்சம் முப்பது சதுர அடி

பாடப்புத்தகக் கணக்கில் தோட்டத்துக்கு வேலி போடுகிறவன் யார், எதற்குப் போடுகிறான் என்று ஒருவரும் சொல்வதில்லை. 2008-இல் திருப்பாதிரிப்புலியூரில் ஐந்தாம் வகுப்பு எடுத்த ஜெய்னப் டீச்சருக்கு அது பிடிக்காது. அவள் போடும் கணக்கில் ஆளுக்கு ஊர் இருக்கும், ஒரு தொல்லையும் இருக்கும். கதை கேட்கிற ஆசையில் பிள்ளைகள் பரப்பளவைக் கற்றுக்கொண்டுவிடும்.

அவளுக்கும் ஒரு தொல்லை இருந்தது. நிக்காஹ் முடிந்த கையோடு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிய ஹுமாயூன், "இந்த வருஷம் கூட்டிக்கிறேன்" என்று வருஷாவருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். ரூம் பன்னிரண்டுக்குப் பத்து, நல்ல காற்றோட்டம் என்பான். அந்த ரூமுக்கு அவள் மனசுக்குள்ளேயே திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை போனில் மூட்டைப்பூச்சியைத் திட்டும்போது, "ஒரு கட்டில்ல வந்தா ஆறு கட்டிலுக்கும் பரவிடுது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

ஆறு பேரா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை அதையே கணக்காக்கிக் கரும்பலகையில் எழுதினாள். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலத்தில் ஓர் அறை. ஆறடிக்கு இரண்டரை அடியில் ஆறு கட்டில்கள். ஊரிலிருந்து ஒருத்தி வருகிறாள். அவளுக்கு இடம் இருக்கிறதா?

நூற்றிருபதில் தொண்ணூறு போக, மிச்சம் முப்பது சதுர அடி. "இருக்கு டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தின. ஜெய்னப்புக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓர் ஓரமாகச் சுருண்டுகொண்டால் ஆயிற்று என்று நினைத்தாள். ஆசைக்கு வெட்கம் ஏது?

அனுப்பிரியா மட்டும் கட்டம்போட்ட தாளில் ஆறு கட்டிலையும் வரைந்து எடுத்து வந்தாள்.

"எடம் இருக்கு டீச்சர். ஆனா அது நடக்குற எடம். அதுல அவுங்க படுத்துட்டா மத்தவுங்க எப்பிடி எழுந்து போவாங்க?"

ஜெய்னப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிதான்டி" என்று மார்க் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹுமாயூன் வழக்கம்போல் ஆரம்பித்தான். "இந்த வருஷம் எப்பிடியும்..."

"ஆறு கட்டில் போட்ட ரூம்ல எனக்கு எடமில்ல மச்சான். வகுப்புல ஒரு புள்ள வரைஞ்சே காட்டிட்டா. நீங்க இங்க வந்துடுங்க."

 அந்தப் பக்கம் அவனுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. பிறகு அவன், "வந்து என்ன வேல பாக்குறது ஜெய்னு?" என்றான்.

ஊர்ப் பிள்ளைகளின் மூளை கொதிக்கக் கணக்குப் போடுகிறவள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவனைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"வாங்க மச்சான்" என்றாள் மறுபடியும்.